ஒண்ணும் ஆகாது

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "யாரைக் கேட்டு எழுதின?" என்று எங்கிருந்தாவது வந்து நிற்பார். உத்திரமேரூரில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது என்பது வேறு விஷயம். "அந்தக் கோவக்காரம்மா" என்றால் தெரியும்.

எனக்கு அந்தப் பட்டத்தின் மேலேயே கோபம் உண்டு. எங்கள் ஊரில் கோபப்படாத ஆம்பளை யார்? மில் முதலாளி கத்தினால் கண்டிப்பானவர் என்பார்கள். பெண் ஒருத்தி கத்தினால் மட்டும் காரணம் தேடுவார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டானாம், கல்யாணமே ஆகவில்லையாம் என்று ஆளுக்கொரு கதை. அவர் எதற்குக் கத்தினார் என்று ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஏரிக்கரையை ஒட்டியிருந்த தன் வேர்க்கடலைக் கொல்லையைச் சமப்படுத்தி ரைஸ் மில் முதலாளி ஒருவர் விமான ஓடுபாதை போட்டார். விமானம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். அலுமினியக் குழாய்களைக் கோத்து, மேலே துணி போர்த்தி, முன்னால் மரத்தில் செய்த விசிறி மாதிரியான புரொப்பல்லர் வைத்தது. இரண்டு பேர் உட்காரலாம். அப்படி இரண்டு வாங்கி தகரக் கொட்டகையில் நிறுத்தினார். மெட்ராஸிலிருந்து பணக்காரப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டக் கற்றுக்கொள்ள வருவார்கள். கற்றுக்கொடுக்க வயதான கேப்டன் ஒருவர். பஜாரில் பம்ப்செட் மெக்கானிக்காக இருந்த என்னை முதலாளி இழுத்து வந்தார். ஓடுபாதையில் ஆடும் நாயும் வராமல் பார்த்துக்கொள்ள ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து கன்னியப்பன் வந்தார்.

அப்புறம் அவர். விமானப் பராமரிப்பு படித்து லைசென்ஸ் வாங்கிய இன்ஜினீயர். அப்பா காஞ்சிபுரம் பக்கம் கூரத்தில் பள்ளி ஆசிரியர். இன்ஜினீயர் கையெழுத்து இல்லாமல் விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது என்பது சட்டம்.

வந்த அன்றைக்கே என்மேல் பாய்ந்தார். புரொப்பல்லர் போல்ட்டுகளை ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு இறுக்கின?"

"கைக்குத் தெரியும் மேடம்."

"அப்ப கை கிட்ட கேட்டுச் சொல்லு. எவ்வளவு?"

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஒண்ணும் ஆகாது மேடம்" என்றேன்.

அவ்வளவுதான். அதுவரை புத்தகம் படிப்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தவருக்குக் கூரத்துப் பேச்சு வந்துவிட்டது. "ஒண்ணும் ஆகாதா? இன்னாய்யா தெரியும் உனக்கு? மேல போறவன் உன் தம்பியா இருந்தாலும் இதையேதான் சொல்லுவியா? இன்னொரு வாட்டி அந்த வார்த்தைய இந்தக் கொட்டாயில நான் கேக்கக் கூடாது!" ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

மறுநாள், உதவாது என்று ஒதுக்கிய பழைய புரொப்பல்லர் ஒன்றை மேசையில் மாட்டினார். முதலாளி, கேப்டன், நான் மூவரையும் கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு போல்ட் இறுக்கச் சொன்னார். முதலாளி மீசையை ஒதுக்கிக்கொண்டு முறுக்கினார். கேப்டன் மெதுவாக முறுக்கினார். நான் என் இரண்டையும் ஒரே மாதிரி இறுக்கினேன் என்று சத்தியமே செய்திருப்பேன். பிறகு மேடம் தன் பெட்டியிலிருந்து டார்க் ரென்ச்சை எடுத்தார். எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அந்த அளவை அதில் வைத்து முறுக்கினால், அளவு வந்ததும் டிக்கென்று சொல்லும். அவ்வளவுதான் அந்தக் கருவி. முதலாளி இறுக்கிய இடத்தில் மரமே பள்ளமாகியிருந்தது. கேப்டனுடையது தளர்வு. என்னுடைய இரண்டில் ஒன்று சரி, மற்றது சரியில்லை.

"ஒரே ஆளு, ஒரே ஸ்பேனர், ரெண்டு போல்ட்டு, ரெண்டு விதம்" என்றார். "இது மரம். மழையில உப்பும், சித்திரை வெயில்ல சுருங்கும். கம்மியா இறுக்கினா ஆடும். ஜாஸ்தியா இறுக்கினா உள்ளுக்குள்ள நசுங்கி விரிசல் விடும். வெளிய தெரியாது. இப்ப சொல்லு, கைக்குத் தெரியுமா?"

முதலாளி, "நம்ம கைக்கு மேல இன்னாம்மா கருவி" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. எத்தனை கிணற்று மோட்டாரைக் கையாலேயே எழுப்பி உட்கார வைத்தவன் நான். வாரக்கணக்கில் அவரோடு பேசவில்லை. அவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அது இன்னும் எரிச்சல்.

அவர் கையையே நம்பாதவர் என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் வால்பக்கம் போகும் கம்பிக் கயிற்றின்மேல் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் துணி சிக்கியது. கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

எனக்கு வாய் நிற்கவில்லை. "இதுவும் கைதானே மேடம்?"

"கைதான். யாரு இல்லைன்னாங்க? இருக்கா இல்லையான்னு கை கண்டுபிடிக்கும். எவ்வளவுன்னு கேட்டா சொல்லாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லாதேன்னுதான் கத்தறேன். உனக்கு அது கேக்கல, கத்தினது மட்டும் கேட்டுது."

அன்றிலிருந்து பேச ஆரம்பித்தோம். பேச்சு என்றால் சண்டைதான்.

காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒருநாள் படிக்கட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏற்றிக்கொள்ளச் சொன்னதற்கு டிரைவர், "ஒண்ணும் ஆகாது" என்ற அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். மாகறலில் பஸ் நின்றதும் இவர் இறங்கி முன்னால் போய் நின்றுகொண்டார். பிள்ளைகளை உள்ளே ஏற்றும்வரை நகரவில்லை. வேலைக்குத் தாமதமானவர்கள் எல்லாம் அவரைத்தான் திட்டினார்கள். டிரைவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கன்னியப்பனிடம் மட்டும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காரணம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. "பாதை முழுக்கப் பாத்தியாப்பா?" என்று கேட்பார். "புளியமரம் வரிக்கும் பாத்தேம்மா. அதுக்கு அப்பால பாக்கல" என்பார் கன்னியப்பன். நாங்களெல்லாம் "பாத்தாச்சு மேடம்" என்று சொல்லிவிட்டுப் பிறகு ஓடிப் பார்க்கிறவர்கள். "வா, சேர்ந்து பாத்துட்டு வருவோம்" என்று மேடம் அவரோடு வெயிலில் நடப்பார். தன் டிபன் டப்பாவில் பாதியை அவருக்குக் கொடுப்பார். சாப்பிட்டுவிட்டு, "புளிப்பு தூக்கலா கீதும்மா" என்பார் கன்னியப்பன். மேடம் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

அந்த வருடம் சித்திரையில் பக்கத்து ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். விமானத்திலிருந்து கோபுரத்தின்மேல் பூத்தூவுவதாக முதலாளி கோயில்காரர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். நோட்டீஸில் அதையும் போட்டு ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. ஒரு விமானம் எஞ்சின் கழற்றிக் கிடந்தது. மற்றதின் புரொப்பல்லர் வெயிலில் மரம் சுருங்கி, போல்ட்டெல்லாம் தளர்ந்துவிட்டதை அவர் கண்டுபிடித்தார். அளவு வைத்து மறுபடி இறுக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் டார்க் ரென்ச்சைக் காணோம்.

கொட்டகைக்குப் பின்னால் முதலாளி ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். துருப்பிடித்த நட்டில் அந்த ரென்ச்சை மாட்டி, அதன்மேல் காலை வைத்து ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்தார்.

மேடம் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கிட்டே போய், "இறங்குங்க" என்றார்.

"இரும்புதானேம்மா, ஒடஞ்சா போச்சு?"

"ஒடைஞ்சிருந்தா பரவால்ல. இப்ப இது பொய் சொல்லும். நான் வெச்ச அளவு ஒண்ணு, அது இறுக்கற அளவு ஒண்ணு. கிண்டிக்குக் கொண்டுபோய் சரி பார்த்து வர்ற வரைக்கும் வண்டி மேல போகாது."

"கும்பாபிஷேகம் நாளன்னிக்கும்மா!"

"பூவைக் கோயில் மேல ஏறித் தூவச் சொல்லுங்க."

அவர் அந்தப் பக்கம் போனதும் முதலாளி என் தோளில் கை போட்டார். அதுவரை போட்டதே இல்லை. "நைனா, உன் கை கீதே, இந்த ஜில்லாவுலயே இந்த மாதிரி கை கெடையாது. ரெண்டு சுத்து சுத்திவுடு. அந்தம்மா இன்னா, பொஸ்தகத்தப் பாத்து வந்தது."

எத்தனை வருடமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்திருப்பேன்! ஆனால் அந்த நேரத்தில் அதைக் கேட்டதும் வாயெல்லாம் கசந்தது. என் கை உசத்தி என்பதல்ல, என் கை எதிர்த்துப் பேசாது என்பதுதான் அவருடைய கணக்கு. "ரென்ச் இல்லாம தொட மாட்டேன் மொதலாளி" என்றேன். தோளிலிருந்து கை இறங்கிவிட்டது.

சாயங்காலம் மேடம் ஒரு வேலை செய்தார். புரொப்பல்லரையே கழற்றினார். "கழட்டறதுக்கு அளவு தேவையில்ல" என்றார். ஆள் உயரம் இருந்த அதைப் பழைய புடவையில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அது இல்லாமல் யாரும் பறக்க முடியாதே.

மறுநாள் காலை, முதலாளி கொடுத்த திருட்டுப் புகாரின் பேரில் அவரையும் புரொப்பல்லரையும் உத்திரமேரூர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். தகவல் தெரிந்து நான் ஓடினேன். எஸ்.ஐ. அதைத் தட்டிப் பார்த்து, "இன்னாமா இது, ஃபேன் றெக்கையா? இதப் போய் யாராவது திருடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கேப்டன் வந்தார். நல்ல மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். "சார், நான்தான் ரிப்பேருக்கு எடுத்துப் போகச் சொன்னேன். முதலாளிக்குத் தெரியாது. தப்பு என்னுடையது" என்றார். எஸ்.ஐ. அப்பாடா என்று பேனாவை மூடினார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"இவர் சொல்லல" என்று எழுந்தார் அவர். "ஏன் சார் பொய் சொல்றீங்க? நான்தான் எடுத்தேன். யாரும் பறக்கக் கூடாதுன்னு எடுத்தேன். எழுதிக்கங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. காப்பாற்ற வந்தவரிடமும் கோபமா? எஸ்.ஐ. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகச் சொன்னார். கேட்க மாட்டேன் என்றார். கூரத்திலிருந்து அவருடைய அப்பா வந்து கெஞ்சினார். அதற்கும் அசையவில்லை. நாள் முழுக்க அந்தப் பெஞ்சில், போகிற வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, உட்கார்ந்திருந்தார். கடைசியில் கோயில்காரர்கள், நல்ல காரியத்துக்கு முன்னால் போலீஸ் கேஸ் வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்ல, புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். புரொப்பல்லரையும் வாங்கிக்கொண்டார். "நாளையிலேருந்து வராதம்மா" என்றும் சொல்லிவிட்டார்.

கும்பாபிஷேகத்தன்று விடியற்காலையில் முதலாளியே புரொப்பல்லரை மாட்டினார். ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி, முழு பலத்தோடு முறுக்கினார். மரம் நெறநெறவென்றது.

"மொதலாளி, மரம் நசுங்குது."

"ஒண்ணும் ஆகாது, போடா."

கேப்டன் ஏறி உட்கார்ந்தார். "சார், மேடம் கையெழுத்து இல்லாமலா?" என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், "பத்து நிமிஷம்தான்ப்பா" என்றார். ஸ்டேஷனில் அவருக்காகப் பொய் சொல்ல வந்த அதே மனிதர். ஒரு பெண்ணுக்காகப் பொய் சொல்லும் அளவுக்கு நல்லவர். அவள் சொன்னதைக் கேட்கும் அளவுக்கு நல்லவரில்லை.

விமானம் எழும்பியது. பூ பாதி ஏரியில் விழுந்தது, பாதி கோபுரத்தில் விழுந்தது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விமானம் பத்திரமாக இறங்கியது. முதலாளிக்கு மாலை போட்டார்கள். மாலையோடு என்னிடம் வந்து, "பாத்தியா? இன்னா ஆச்சு?" என்றார்.

இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாத கோபம் அதுதான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் முதலாளி சொன்னது சரி என்று ஆகிவிட்டது. அந்த அம்மா பைத்தியம் என்று ஆகிவிட்டது. ஒரு முறை கழற்றிப் பார்த்துவிடலாம் என்று கேப்டனிடம் நச்சரித்தேன். அடுத்த வாரம் என்றார்.

அடுத்த வாரம் மெட்ராஸ் பையன் ஒருவனுக்குப் பாடம். கேப்டன் எஞ்சினைக் கிளப்பி, வேகத்தை ஏற்றினார். சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கட்டையை இழுக்கக் கன்னியப்பன் கயிற்றோடு பக்கவாட்டில் நின்றிருந்தார். நான் வால்பக்கம் இருந்தேன். பட்டாசு வெடித்தது மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் கூச்சலிட்டது. புரொப்பல்லரின் ஒரு பக்க இறக்கை முறிந்து பறந்ததை நான் பார்க்கவில்லை. கன்னியப்பன் கீழே கிடந்ததைத்தான் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை.

அதே ஜீப்பில்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் கன்னியப்பனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைவதற்குள், கதிரடிக்கிற மிஷினில் மாட்டிக்கொண்டான் என்று முதலாளி சொல்லி முடித்திருந்தார். காலை எடுத்துவிட்டார்கள். புரொப்பல்லர் காணாமல் போனதற்கு அன்றைக்கே புகார் எழுதிய ஊரில், கன்னியப்பன் காலுக்கு ஒரு வரி எழுத ஆளில்லை.

வெளியே எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேடத்துக்குப் போன் செய்தேன். சொன்னேன். "யாருக்கு?" என்றார். பெயரைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்.

அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கேப்டன் வராந்தா பெஞ்சில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து கையைக் கூப்பினார். "நீ சொன்னதுதான்ம்மா சரி."

"சரின்னு தெரிஞ்சிக்க உங்களுக்கு ஒரு காலு வேண்டியிருந்துச்சா சார்?"

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கேப்டன் அழுதார். மேடம் இரக்கப்படவில்லை. உள்ளே போய்க் கன்னியப்பனின் மனைவி பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து, "ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றார்.

அதே ஸ்டேஷன், அதே எஸ்.ஐ. "நீயாம்மா? அன்னிக்கு நீ திருடி, இன்னிக்கு நீ புகார்காரியா? பேஜார் பண்ணிக்கினே இருப்பியா? மிஷின்ல மாட்டிக்கினான்னுதானே ஆஸ்பத்திரில எழுதிக் கீது?"

நான் பார்த்ததைச் சொன்னேன். "நீ மெக்கானிக்கு, உனக்கும் மொதலாளிக்கும் தகராறு" என்று தள்ளினார் எஸ்.ஐ. மேடம் கேப்டன் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு இதே எடத்துல எனக்காகப் பொய் சொன்னீங்க. இன்னிக்குக் கன்னியப்பனுக்காக நிஜத்தைச் சொல்லுங்க."

சொன்னால் கேப்டனின் லைசென்ஸ் போகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வேறு வருமானம் அவருக்கில்லை. அப்படியும் கேப்டன், "எழுதிக்குங்க சார். இன்ஜினீயர் கையெழுத்து இல்லாத வண்டியை நான்தான் கிளப்பினேன். மாட்டினது யார்னும் சொல்றேன்" என்றார்.

லைசென்ஸ் போனது. கேஸ் காஞ்சிபுரம் கோர்ட்டில் வருடக்கணக்கில் இழுத்தது. வாய்தா ஒவ்வொன்றுக்கும் மேடம் வந்தார். எங்கள் வக்கீலிடமும் கத்தினார், எதிர் வக்கீலிடமும் கத்தினார், ஒருமுறை தாமதமாக வந்ததற்கு என்னிடமும் கத்தினார். கடைசியில் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. ஓடுபாதையை மனை போட்டு விற்றுவிட்டார். தீர்ப்பு வந்த பிறகு மேடம் ஹைதராபாத்தில் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

நான் மறுபடி பம்ப்செட் கடைக்கு வந்தேன். சில வருடம் கழித்து, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருத்தர் பழைய கதையை ஆரம்பித்தார். நம்ம ஊர்ல பிளேன் கம்பெனி ஒண்ணு இருந்ததே, எவ்வளவு பெருமை, அந்தப் பொம்பள கோவத்தாலதான் அதை இழுத்து மூடினாங்க என்றார். கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன்; கை ஓங்கியிருப்பேன்.

அதற்குள், பெஞ்சின் கோடியில் பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்த கன்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். கட்டைக்கால் நீட்டியபடியே இருந்தது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் குரல் உயரவில்லை.

"அந்தம்மா இங்க கத்திக்கினு இருந்த வரிக்கும் எனக்கு ரெண்டு காலு இருந்துச்சு" என்றார்.